முப்பது விநாடிச் சான்று: கையடக்க இ.சி.ஜி. கருவியுடன் ஓராண்டு

படபடப்பு வந்துபோகும் வகையினருக்கு ஒரு தீராத இக்கட்டு உண்டு. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாடி சீராகிவிடும். அங்கே எடுக்கும் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாது. அதற்காகவே உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவியை வாங்கினேன்.

இரு கை விரல்களையும் உலோகத் தகடுகளின் மேல் 30 விநாடிகள் வைத்திருந்தால், கைப்பேசித் திரையில் இ.சி.ஜி. கோடு ஓடுகிறது. ஓர் இரவு 2 மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வந்தபோது எடுத்த பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். கூர்முனைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் இருக்க வேண்டிய பி அலை என்னும் சிறு மேட்டைக் காணவில்லை, அந்த இடத்தில் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மருத்துவர் இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்கும் நோய், என்று உறுதிசெய்தார். என் வயதையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் தொடங்கினார். இந்த ஒரு பயனுக்காகவே கருவியை மனமாரப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. விரல் உலர்ந்திருந்தாலோ கை நடுங்கினாலோ 'வகைப்படுத்த இயலவில்லை' என்று வந்துவிடும். விரல்களைச் சற்று ஈரமாக்கி, முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிறது. இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளையும் சில வேளை ஃபிப்ரிலேஷன் என்றே காட்டுவதால், கருவியின் தீர்ப்பை விட மருத்துவர் கோட்டைப் படித்துச் சொல்வதே முக்கியம்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பச்சை நிறத்தில் வரும் 'இயல்பு' என்ற சொல். அது அந்த 30 விநாடிகளுக்கு மட்டுமே உரியது. தொடர்ந்து ஒரு வாரம் பச்சையைப் பார்த்த தைரியத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டுவிட்டேன். மருத்துவர் கடிந்துகொண்டது நியாயமே. மேலறைகள் நடுங்கும்போது இடது மேலறையின் பை போன்ற மூலையில் ரத்தம் தேங்கி உறையக்கூடும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது பெரும் குறை. மாரடைப்பையும் இந்தக் கருவி கண்டுபிடிக்காது. நெஞ்சுவலி வந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ இதைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு இருபது முறை பார்த்துப் பார்த்து, பயமே படபடப்பாக மாறியது. இப்போது காலையில் ஒரு முறை, தொல்லை தெரிந்தால் இன்னொரு முறை, அவ்வளவுதான். ஒவ்வொரு பதிவின் கீழும் குறிப்பு எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதியவற்றில் 'சரியாகத் தூங்கவில்லை' என்பதே திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்த மருத்துவர், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க அடுத்த வாரம் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.