ஆரண்டலா, லட்லோவா?

லண்டனிலிருந்து கிளம்பி, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு பழைய கோட்டை பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பெயர் சொல்வேன். ஒன்று, வெஸ்ட் சசெக்ஸில் உள்ள ஆரண்டல். இன்னொன்று, வேல்ஸ் எல்லையை ஒட்டி ஷ்ராப்ஷயரில் இருக்கும் லட்லோ.

ஒரே நாளில் போய்த் திரும்புவதானால் ஆரண்டல்தான். விக்டோரியா ஸ்டேஷனில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இறங்கி நடந்தே ஊருக்குள் போகலாம். லட்லோவுக்கு லண்டனிலிருந்து நேரடி ரயில் இல்லை. வழியில் மாறி, போய்ச் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ஓர் இரவாவது தங்காவிட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

தூரத்திலிருந்து பார்க்க ஆரண்டல் கோட்டை அசத்தும். தொடங்கியது 1067இல். ஆனால் கண்ணில் படுவதில் பெரும்பகுதி, நார்ஃபோக்கின் 15ஆவது டியூக் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருப்பிக் கட்டியது. டியூக்கின் குடும்பம் இன்றும் அங்கேதான் வசிக்கிறது. உள்ளே ஓவியங்கள், நூலகம், 1846இல் விக்டோரியா ராணி தங்கிய அறை. பழமை வேண்டுமென்றால் மேட்டின் உச்சியில் இருக்கும் காவல்கோட்டைக்கு ஏற வேண்டும்.

லட்லோ கோட்டைக்குக் கூரையே இல்லை. அங்கிருந்து வேல்ஸையும் எல்லைப் பகுதியையும் ஆண்ட கவுன்சில் 1689இல் கலைக்கப்பட்டதும் கோட்டையைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. பாழானது உண்மைதான், ஆனால் புதுப்பிக்கிறேன் என்று யாரும் அதன் முகத்தை மாற்றவில்லை. உள்முற்றத்தில் நிற்கும் 12ஆம் நூற்றாண்டு வட்டத் தேவாலயத்தைப் பாருங்கள். வாசல் வளைவில் வரிவரியாக வெட்டிய ஸிக்ஸாக் செதுக்கல். உள்ளே போனால் சுற்றிலும் கல் வளைவுகள், தலைக்கு மேல் வானம். எனக்கு அந்த ஒன்றுக்காகவே மூன்று மணி நேர ரயில் தகும்.

இரண்டு ஊருக்கும் ஒரு தொடர்பும் உண்டு. இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502 ஏப்ரலில் லட்லோ கோட்டையில்தான் இறந்தான், பதினைந்து வயதில். அவன் மனைவி கேத்தரினைத் தம்பி எட்டாம் ஹென்றி மணந்தார். பிறகு கேத்தரினை விலக்கப் போய், இங்கிலாந்து ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையைவிட்டே பிரிந்தது. அந்தப் பிளவை ஆரண்டலில் நேரில் பார்க்கலாம். அங்கே ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபையின்) தேவாலயம், மறுபக்கம் டியூக் குடும்பத்தின் கத்தோலிக்கச் சிற்றாலயம், நடுவே இரும்புக் கிராதி.

ஆற்றிலும் லட்லோவுக்கே என் ஓட்டு. ஆரண்டலின் ஆரன் ஆற்றில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு. நீர் வற்றும் நேரத்தில் கரையெல்லாம் சேறு. லட்லோவில் டீம் ஆற்றின் டின்ஹாம் பாலத்தில் நின்றால் தடுப்பணை, அதற்கு மேலே கோட்டை என்று எல்லாம் ஒரே பார்வையில். சாப்பாட்டிலும் லட்லோ பேர் போன ஊர். உணவுத் திருவிழாவே 1995இலிருந்து நடக்கிறது.

குழந்தைகளோடு போனால் மட்டும் ஆரண்டல் பக்கம் சாய்வேன். பக்கத்திலேயே நீர்ப்பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஆனால் ஒன்று, ஆரண்டல் கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும், சீசனிலும் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் திறக்க மாட்டார்கள். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.