முக்கோணச் சொற்புதிர்த் தொகுப்புகள்: எதை வாங்கலாம்?

அட்டையில் 'முக்கோணப் புதிர்' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். முதலாவது, வரிக்கு ஓர் எழுத்தாக வளர்வது: கை, வகை, உவகை. புதியவர்களுக்குப் பரவாயில்லை, பழகியவர்களுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். இரண்டாவது அரைச்சதுரம். காசு கொடுப்பதானால் இதற்குக் கொடுக்கலாம்.

ப ல வ கை
ல ட் டு
வ டு
கை

இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் அதே நான்கு சொற்கள். கட்டங்கள் 10, வெவ்வேறு எழுத்துகள் 6 மட்டுமே. முதல் வரி கிடைத்துவிட்டால் மற்ற மூன்று வரிகளுக்கும் முதலெழுத்து கையில் வந்துவிடும்.

அமைப்பவர் திணறுவதும் அந்த முதல் வரியில்தான். அதன் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல்லைத் தொடங்க வேண்டும். மெய்யெழுத்து மொழிமுதலாக வராது என்பதால் 'கல்வி' மாதிரிச் சொற்கள் அங்கே உதவா. கடைசி எழுத்து கை, பூ, தீ போல ஓரெழுத்து ஒருமொழியாக இருந்தாக வேண்டும். ல, ர, ட வந்தால் கடன்சொல்லைத் தேட வேண்டியதுதான். மேலே லட்டு நுழைந்தது அப்படித்தான். ஐந்து, ஆறு வரி என்று பெருமை பேசும் தொகுப்பில் அகராதியில் இல்லாத ஒட்டுச்சொற்கள் மலிந்திருக்கலாம் ('பலவகை'கூட ஓரத்தில் நிற்கிற சொல்தான்). வாங்குமுன் விடைப்பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

செயலி என்றால் 'லட்டு' என்று தட்டிப் பாருங்கள். எழுத்து மூன்று, கணினி அதைச் சேமிக்கும் யூனிகோடு குறியீடுகளோ ஐந்து. குறியீட்டை எண்ணும் செயலி புள்ளிக்கும் உகரக் குறிக்கும் தனிக் கட்டம் போட்டு முக்கோணத்தையே கோணலாக்கிவிடும். இந்தச் சோதனையில் தோற்றதை உடனே நீக்கிவிடலாம்.

கட்டமே முக்கோணமாக உள்ள சொல்தேடல்கள் (அடுத்தடுத்த கட்டங்களில் ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிப்பவை) பார்க்க அழகு, படிக்கச் சிரமம். 2 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்துக்குள் அடங்கும் வட்டத்தின் விட்டம் சுமார் 1.15 செ.மீ.தான். 'கொ', 'ணோ' போன்ற அகலமான எழுத்துகள் அதில் நசுங்கும். அதோடு ஒரு கட்டத்தைப் பக்கத்தால் தொடுபவை 3, முனையையும் சேர்த்தால் 12. எது அண்டைக் கட்டம் என்று விதியில் எழுதாத புத்தகத்தில் ஒரே புதிருக்கு இரண்டு விடை வரும். அறுகோணத்தில் இந்தக் குழப்பமே இல்லை: அண்டை ஆறு, அவ்வளவுதான்.

சாய்சதுர வடிவப் புதிருக்கு வயது அதிகம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட குறுக்கெழுத்தே அந்த வடிவம்தான். 1-3-5-3-1 என்ற 13 கட்ட அமைப்பில் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஓரெழுத்துச் சொல் வேண்டும். தமிழில் அதற்குப் பஞ்சமில்லை என்பதால் இதையும் தாராளமாக வாங்கலாம்.