முழுநேர முனைவர் பட்டமா, பகுதிநேரமா?

பொறியியல் துறையில் ஆய்வுக்குப் பதிவு செய்ய நினைப்பவர்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளைப் படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

காலம்: இரண்டுக்கும் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள்.

வருமானம்: முழுநேரத்தில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். பகுதிநேரத்தில் அது இல்லை, சம்பளம் தொடரும்.

அனுமதி: பகுதிநேரத்துக்குப் பணியிடத்தின் தடையில்லாச் சான்றிதழ் கட்டாயம். ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்பதோடு, தேவைப்பட்டால் பாடத்தாள்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் நிறுவனம் எழுதித்தர வேண்டியிருப்பதால், விண்ணப்பிக்கும் முன்பே மேலதிகாரியிடம் பேசிவிடுங்கள். முழுநேரத்தில் வேலையில் இல்லாதவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

நாள் முழுக்க ஆய்வகத்தில் இருந்தாக வேண்டிய சோதனைகளுக்கு முழுநேரமே பொருந்தும். பணியிடச் சிக்கலையே ஆய்வுப் பொருளாக்க முடிந்த பொறியாளர்கள் தயங்காமல் பகுதிநேரத்தில் சேரலாம்.