தீமிதிக்கு எந்தப் பை?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டக் கோயில்களில் தீமிதியைப் படமெடுக்கப் போவதென்றால் முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் போய்விடும். கட்டில்மேல் இரண்டு கேமராப் பைகள். முதுகுப்பையில் 24-70, 70-200 மி.மீ. லென்ஸ்கள், இரண்டும் எஃப் 2.8 ஜூம். தோள்பையில் 35, 85, இரண்டும் எஃப் 1.8 ப்ரைம், அதாவது ஜூம் ஆகாதவை. மி.மீ. எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் வாங்கும்.

எடையில் போட்டியே இல்லை. என் ஜூம் ஜோடி இரண்டேகால் கிலோ. ப்ரைம் ஜோடி முக்கால் கிலோகூட வராது. வெளிச்சத்திலும் ப்ரைம்தான். இருட்டிய பிறகு 2.8 வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 6400 கேட்கும் இடத்தில், 1.8-க்கு 2500 பக்கம் போதும்.

இவ்வளவு இருந்தும் குழிப் பக்கம் போனால் ப்ரைம் கைவிட்டுவிடும். தொண்டர்கள் கயிறு கட்டி நிறுத்திய இடத்தில்தான் நாம். ஓரடி முன்னே வைக்க முடியாது. கரகம் இறங்கும்போது 85-இல் பாதிப் படம் முன்னால் நிற்பவர் முதுகுதான். 70-200 அந்த முகத்தைப் பிடித்துத் தரும். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம்: குழியின் நீளவாட்டில் எதிரே நின்று எடுத்தால் தணலின் சூட்டுக்காற்று முழுவதையும் தாண்டித்தான் பார்க்கிறோம். முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று இரண்டு வருடம் லென்ஸைத் திட்டினேன், பாவம் அது. இப்போது குழி முடியும் மூலையில், கொஞ்சம் பக்கவாட்டில் இடம் பிடிக்கிறேன்.

லயத்து வீட்டுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குள், கதையே வேறு. மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, வீடே புறப்படுகிற நேரம். முதுகு சுவரில் முட்டும்; அங்கே 70-க்கு வேலையில்லை, 35தான். முதுகுப்பையோடு திரும்பினால் எதையாவது தட்டிவிடுவோம். போன தடவை வாசலில் இறக்கி வைத்தேன். "தம்பி, பைய கீழ வைக்காதப்பா, கட்டெறும்பு" என்று ஒரு பாட்டி சத்தம் போட்டார். அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

ஒரே பாடி (லென்ஸ் மாட்டாத கேமரா) வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம், ஜூம். சாம்பல் பறக்கிற இடத்தில் லென்ஸ் கழற்றுவது சென்சாருக்கு விபூதி பூசுகிற வேலை.

வீட்டில் லென்ஸை ஈரத்திலிருந்து காக்க மின்சார டிரை பாக்ஸா, சிலிக்கா ஜெல் போட்ட பிளாஸ்டிக் டப்பாவா? 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் நின்றால் எதுவும் சரி. டப்பா மலிவு, நீல மணிகள் ரோஸ் ஆனதும் வறுத்துப் போட மறக்கிற என்னைப்போன்ற ஆளுக்கு டிரை பாக்ஸ். காடியில் (காரில்) ஏர்கான் போட்டு வந்தால் மட்டும், பையைத் திறக்காமல் இருபது நிமிடமாவது வெளியே வைத்திருங்கள். அவசரத்தில் திறந்து, தீச்சட்டி ஊர்வலம் முழுவதையும் பனிமூட்டமாக எடுத்தவன் நான்.

கடைசியில் தோள்பைதான் போகிறது. ஒரு பாடியில் 70-200, இன்னொன்றில் 35. 85-உம் 24-70-உம் வீட்டில். 70-200 நீட்டிக்கொண்டு இருப்பதால் பை மூடி சரியாக மூடாது. சித்திரை மாத சாயங்கால மழைக்கு மேலே ஒரு குப்பைப் பை, இரண்டு ரப்பர் பேண்ட்.