மெனுவின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள்

இந்திய, நேபாளச் சாப்பாடு போடும் சின்ன உணவகம், மொத்தமே ஏழெட்டு மேசைதான். கூட்டம் பட்டர் சிக்கனுக்காக வருகிறது. எனக்கு அதில் இனிப்பு தூக்கல். நேபாளச் சாப்பாடு மெனுவின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, அங்கே போங்கள்.

மோமோ ஆவி பறக்க வந்தது. மேல்மாவு மெல்லிசு, கடித்தால் சாறு வழிகிறது. தக்காளியும் எள்ளும் அரைத்த அச்சாரில் (தொட்டுக்கொள்ளும் சட்னி) திமுர் என்கிற நேபாள மசாலா போட்டிருக்கிறார்கள். மிளகுக் காரம் இல்லை, நாக்கு லேசாக மரத்துப்போய் எலுமிச்சை வாசம் வரும். இன்னொரு கிண்ணம் கேட்டேன், முகம் சுளிக்காமல் தந்தார்கள்.

தால் பாத், அதாவது பருப்பும் சோறும். அந்தத் தட்டில் பருப்புக்கு ஜிம்பு தாளித்திருந்தார்கள். இமயமலைப் பக்கம் விளையும் வெங்காய இனத்து இலை, காயவைத்தது. நெய்யில் பொரிந்தால் பூண்டுக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் ஒரு மணம்! கூடவே குந்துருக், அதாவது கீரையைப் புளிக்கவைத்து உலர்த்தியது. புளிப்பு ஆகாதவர்கள் தவிர்க்கலாம். நான் வழித்துச் சாப்பிட்டேன்.

நான் ரொட்டி சுமார்தான், ஓரம் கருகி நடுவில் வேகாமல் இருந்தது. அடுப்படியில் ஒரே ஆள் போலிருக்கிறது, சனிக்கிழமை இரவென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். நடுத்தரம் என்றால் சப்பென்று வரும், கூட்டியே சொல்லுங்கள்.