ஏஏ முதல் ஆர்ஆர் வரை: நியூயார்க் சுரங்க ரயிலின் சுருள் பலகை ஒன்று

நியூயார்க் சுரங்க ரயில் பெட்டியின் நெற்றியில் ஒரு காலத்தில் பாதையின் பெயரைக் காட்டிச் சுழன்றுகொண்டிருந்த சுருள் பலகை ஒன்றைப் பழம்பொருள் கடை ஒன்றில் 350 டாலர் கொடுத்து வாங்கினேன். சேகரிப்பாளர்கள் 'ரோல் சைன்' என்று அழைக்கும் இந்தப் பொருள் கொடுத்த விலைக்குத் தகுதியானது. ஆனால் கடை தந்த விவரச் சீட்டு முற்றிலும் தவறானது. '1950-களைச் சேர்ந்த துணிச் சுருள்' என்று அதில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து தரையில் விரித்ததும் சந்தேகம் எழுந்தது. விரலால் தடவினால் துணியின் இழை தட்டுப்படவில்லை. வழவழப்பாக, மடக்கினால் சலசலக்கும் மைலார் என்ற நெகிழித் தாள் அது. பழைய சுருள்கள் உண்மையிலேயே துணியால் ஆனவை. 1932 செப்டம்பர் 10 அன்று எட்டாம் அவென்யூ பாதை திறக்கப்பட்டபோது ஓடிய ஆர்1 ரகப் பெட்டிகளில் அத்தகைய துணிச் சுருள்கள்தாம் இருந்தன. ஒரே பெட்டி இன்று ஒரு பாதையிலும் நாளை வேறு பாதையிலும் ஓட வேண்டியிருந்ததால், எல்லாப் பெயர்களையும் ஒரே நீளத்தில் அச்சிட்டு, மேலும் கீழுமாக இரண்டு உருளைகளில் சுற்றி, கைப்பிடியைத் திருப்பி வேண்டிய பெயரைக் கண்ணாடிக்கு நேரே நிறுத்தினார்கள். பின்னணியின் கருப்பு மை ஒளியை அடைத்துக்கொள்ள, எழுத்து மட்டும் பின்னால் இருக்கும் விளக்கின் வெளிச்சத்தை வெளியே விடும். இத்தனை எளிய ஏற்பாடு அத்தனை ஆண்டுகள் உழைத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

தாளைவிடத் தெளிவான சாட்சி நிறங்கள். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம் என்ற வழக்கமே, கிறிஸ்டி தெரு இணைப்புப் பாதை திறக்கப்பட்ட 1967 நவம்பரில்தான் வந்தது. ஆகவே வண்ண வட்டங்கள் கொண்ட சுருள் 1950-களில் அச்சாகியிருக்க வழியே இல்லை. என் சுருளில் ஏஏ, சிசி, இ ஆகிய மூன்று பாதைகளின் எழுத்துகளும் ஒரே நீல நிற வட்டங்களுக்குள் இருக்கின்றன. பி, டி, எஃப் மூன்றும் ஆரஞ்சு. என் (N), ஆர்ஆர், கியூபி மூன்றும் மஞ்சள். மன்ஹாட்டனில் எந்த முதன்மைத் தடம் வழியாக ரயில் செல்கிறதோ அதற்குரிய நிறத்தை எல்லாப் பாதைகளும் பகிர்ந்துகொள்ளும் இந்த முறை 1979-இல் நடைமுறைக்கு வந்தது. விரைவு ரயிலுக்கு ஒற்றை எழுத்து, எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலுக்கு இரட்டை எழுத்து என்று எட்டாம் அவென்யூ பாதையின் தொடக்க நாள்களிலிருந்து இருந்த மரபோ 1985 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அப்போது ஏஏ என்ற பாதைக்குக் கே என்று பெயர் மாறியது. என் சுருளில் ஏஏ இருக்கிறது, கே இல்லை. ஆகவே இது 1979-க்கும் 1985-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் அச்சானது என்று துணிந்து சொல்லலாம். கடைக்காரர் சொன்ன வயதைவிட இந்த வயதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் பழைய எழுத்து முறையும் புதிய நிற முறையும் ஒன்றாக வாழ்ந்த காலம் இது ஒன்றுதான்.

பொருளின் நிலை நன்று. ஓரங்களில் சிறு கிழிசல்கள் உள்ளன. ஆர்ஆர் வட்டத்தின் மீது, உருளையில் உராய்ந்ததால் விழுந்த மெல்லிய செங்குத்துக் கீறல்கள் மற்ற எழுத்துகளில் இருப்பதைவிட அதிகம். அந்தப் பாதையில்தான் பெட்டி அதிக நாள் ஓடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். உருளைகளும் கைப்பிடியும் வராதது ஒரு குறை.

வாங்க விரும்புவோர் வெட்டப்படாத முழுச் சுருளையே கேட்க வேண்டும். சட்டத்துக்குள் அடக்குவதற்காக நான்கைந்து பெயர்களை மட்டும் நறுக்கி விற்பவர்கள் உண்டு. அப்படி நறுக்கிய துண்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துக் காலத்தைக் கணிக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. முடிந்தால் வாங்குவதற்கு முன் புரூக்ளினில், 1946-இல் மூடப்பட்ட கோர்ட் தெரு நிலையத்துக்குள் இயங்கும் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்துக்குச் சென்று, நடைமேடையை ஒட்டி நிற்கும் பழைய பெட்டிகளின் பலகைகளைப் பார்த்துவிடுவது நல்லது. துணிக்கும் மைலாருக்கும் உள்ள வேறுபாடு அங்கே கண்ணுக்குப் பழகிவிடும்.

இப்போது என் அறையில் இரு மரக்கழிகளுக்கு இடையே சுருளைப் பொருத்தி, பின்னால் வெப்பம் தராத சிறு விளக்கு ஒன்றை வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை எழுத்தை மாற்றுகிறேன்; இந்த வாரம் ஏஏ.