எஸ்.பி. ரோட்டில் ஒரு பழுதுநீக்கும் கடை: லிக்விட் கூலர் இருந்தும் கொதித்த பிராசஸர்

பிராசஸர் சூடாகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் இன்னும் பெரிய கூலர் ஒன்றை விற்று அனுப்புவது எந்தக் கடைக்கும் எளிது. வெப்பம் எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகே விலையைப் பற்றிப் பேசுகிற கடை பெங்களூரில் அரிது. எஸ்.பி. ரோட்டின் குறுக்குச் சந்து ஒன்றில், முதல் மாடியில் இயங்கும் இந்தச் சிறிய பழுதுநீக்கும் கடை அந்த அரிய வகையைச் சேர்ந்தது. அவர்கள் ஆராய்ந்த முறை, லிக்விட் கூலர் பொருத்தியும் சூடு தணியவில்லையே என்று தவிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அல்சூரில் இருந்துகொண்டு திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். என் கணினியில் இருப்பது இன்டெல் ஐ7-12700கே பிராசஸரும், 240 மி.மீ. ரேடியேட்டருடன் கூடிய, ஆலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்ட லிக்விட் கூலரும். செப்புத் தகட்டை அடியில் கொண்ட பம்ப் பிராசஸர்மேல் அமர்ந்து, சூட்டை வாங்கிய நீரைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்பும்; அங்கே விசிறிக் காற்றில் நீர் ஆறித் திரும்பும். சித்திரை, வைகாசி முகூர்த்த வேலைகள் குவிந்திருந்த நேரத்தில், தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக மாற்ற எக்ஸ்போர்ட் கொடுத்த சில நொடிகளிலேயே வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தொடத் தொடங்கியது. இந்தப் பிராசஸருக்கு இன்டெல் வகுத்திருக்கும் உச்சவரம்பும் அதுதான். அதை எட்டியதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே கணினி அணைந்துவிடவில்லை, ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. முதலில் நான் விசாரித்த வேறோர் இடத்தில் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், "240 பத்தாது சார், 360 போட்டுடுங்க" என்று விலையைச் சொன்னார்கள்.

இந்தக் கடையில் கணினியைப் பார்த்தவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கினார். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றியதும், எதையும் தொடாமல் முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், சென்று பம்பின் சுழற்சி வேகத்தைப் பார்த்தார். பம்ப் சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அடுத்து விண்டோஸில் பிராசஸருக்கு முழுச் சுமை கொடுத்துவிட்டு, பம்பிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர்க் குழாய்களையும் இரு கைகளால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று நன்றாகச் சுட்டது, மற்றொன்று அறையின் சூட்டிலேயே இருந்தது. ரேடியேட்டரின் தகடுகளிலும் சூடு இல்லை.

அந்த ஒரு தொடுதலிலேயே பாதிக் காரணங்கள் விலகிவிட்டன. பிராசஸரில் பிறக்கும் வெப்பம் தெர்மல் பேஸ்ட் (பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை), செப்புத் தகடு, நீர், ரேடியேட்டர், காற்று என்று வரிசையாகக் கைமாறிப் போகிறது. பிராசஸரும் ரேடியேட்டரும் சேர்ந்தே சூடாக இருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்: தூசி, ஓடாத விசிறி அல்லது அறையின் வெப்பம். பிராசஸர் மட்டும் சூடாகி, இரண்டு குழாய்களும் ஒரே மாதிரி மிதமாக இருந்தால் பேஸ்டிலோ தகடு அமர்ந்த விதத்திலோ குறை இருக்கிறது. புதிய கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டிவிடுவதும் இந்த வகைதான். ஒரு குழாய் சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் நீர் ஓடவில்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே, 190 வாட் வெப்பம் நீரின் வெப்பநிலையை ஏறத்தாழ மூன்று டிகிரிதான் உயர்த்தும். நலமாக இருக்கும் கூலரில் கைக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. 360 மி.மீ. ரேடியேட்டரை வாங்கச் சொன்னவர்கள் இதைச் செய்து பார்த்திருந்தால், நீரே வந்துசேராத ரேடியேட்டரின் அளவைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது.

பம்ப் சுழல்கிறது, ஆனால் நீர் ஓடவில்லை என்றால் செப்புத் தகட்டின் நுண்ணிய இடுக்குகளில் கசடு அடைத்திருக்க வேண்டும், அல்லது பம்புக்குள் காற்று புகுந்திருக்க வேண்டும். இவற்றைப் பிரித்தறிய அவர் செய்த சோதனையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கேபினெட்டுக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று முதலில் கேட்டார். சுழன்றுகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்கை அசைத்தால் தரவுக்கே ஆபத்து என்பதால், கணினியை நிறுத்தி அதன் இணைப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் இயக்கினார். பிறகு கேபினெட்டின் முன்பக்கத்தை மெல்ல உயர்த்தி, அடியில் மரக்கட்டை ஒன்றைக் கொடுத்துப் பின்னோக்கிச் சாய்த்தார். உள்ளே களகளவென்று ஓர் ஒலி ஓடியது. அடுத்த சில நொடிகளில் திரையில் 100இல் நின்றிருந்த எண் எண்பதுகளுக்கு இறங்கியது. சற்றுப் பொறுத்து அந்தக் குளிர்ந்த குழாயைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் சூடேறியிருந்தது. அடைப்பாக இருந்தால் சாய்ப்பதால் எதுவும் மாறாது. ஆகவே, பம்பில் இருந்தது காற்று.

காரணமும் கண்ணெதிரிலேயே இருந்தது. கணினியை அசெம்பிள் செய்தவர் ரேடியேட்டரை முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் பொருத்தியிருந்தார். அதன் மேல்விளிம்பே பம்பைவிடத் தாழ்வாக இருந்தது. மூடிய வகைக் கூலர் எதுவானாலும் உள்ளே சிறிதளவு காற்று இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாக நீர் நுண்ணளவில் ஆவியாகி வெளியேறுவதால் அந்தக் காற்றின் அளவு கூடும். காற்று எப்போதும் மேலேதான் போகும். சுற்றிலேயே உயரமான இடம் பம்பாக இருந்தால் அது பம்பில்தான் வந்து தங்கும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அதன் ஓரத் தொட்டியில் ஒதுங்கி, யாருக்கும் தொல்லை தராமல் கிடக்கும்.

நீர் குறைந்துவிட்டதென்றால் திறந்து ஊற்றிவிடலாமே என்று கேட்டேன். இன்வெர்ட்டருக்கு விடும் பேட்டரி வாட்டரைக் கூலரில் ஊற்றிக் கொடுப்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் உறுதியாக மறுத்தார். "வாரண்டி இருக்கிற சாமானை நாங்க திறக்கமாட்டோம் சார். திறந்தா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். வாரண்டி ஒருபுறம் இருக்க, வேறொரு காரணமும் உண்டு. இத்தகைய கூலர்களில் பெரும்பாலும் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரு உலோகங்களும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிபடத் தொடங்கும். அதைத் தடுக்கவே கிளைகால் (glycol) வகை திரவத்தையும் அரிப்புத் தடுப்பு மருந்தையும் நீரில் கலந்து நிரப்புகிறார்கள். வெறும் நீரை ஊற்ற ஊற்ற அந்தக் கலவை நீர்த்துப்போகும். பெங்களூரின் பல வீடுகளுக்கு வரும் போர்வெல் நீரென்றால் கேட்கவே வேண்டாம். வாளியில் படியும் அதே உப்பு, முடியளவு இடுக்குகளிலும் படியும்.

அவர் பரிந்துரைத்த தீர்வு, இருக்கிற கூலரையே கேபினெட்டின் மேல்தட்டுக்கு மாற்றுவது. அதற்கு முன் அளவுகோலை வைத்து, ரேம் உயரத்துக்கும் மேல்தட்டுக்கும் நடுவே ரேடியேட்டரும் விசிறியும் அடங்குமா என்று அளந்துகொண்டார். பம்பைக் கழற்றியபோது பழைய பேஸ்ட் பதிந்திருந்த விதத்தைக் காட்டினார்: நடுவில் தடிப்பாகவும் இரு முனைகளில் மெலிந்தும் இருந்தது. என்னுடையது போன்ற பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களை, அவை மதர்போர்டில் அமரும் சாக்கெட் நடுப்பகுதியில் அழுத்திப் பிடிப்பதால் மேல்மூடி சற்றே வளைகிறது; அதன் அடையாளம்தான் இது. இந்த வளைவைக் குறைக்கும் சட்டம் தனியாக விற்கிறது, அவர்களிடமும் இருந்தது. அதை என் தலையில் கட்ட அவர் முயலவில்லை. சில டிகிரிதான் குறையும், சாக்கெட்டின் பிடியை மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று இன்டெல் சொல்லியிருக்கிறது, உங்களுக்கு இப்போது அது தேவையில்லை என்று முடித்துக்கொண்டார். வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தயாராக நிற்கும் நேரத்தில் இப்படிச் சொல்வது பெரிய விஷயம்.

கடைசியாகப் பயாஸில் இரண்டு மாற்றங்களைச் செய்தார். பம்பின் இணைப்பு வெப்பத்துக்கேற்ப வேகம் மாறும்படி இருந்ததை, எப்போதும் முழு வேகம் என்று வைத்தார். மற்றொன்று பிராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்கான வரம்பு. முதன்முறை இயக்கும்போது என்ன கூலர் என்று கேட்டு, லிக்விட் என்று சொல்லிவிட்டால் வரம்பை 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாதபடி, வைத்துவிடும் மதர்போர்டுகள் உண்டு. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. இன்டெல் இந்தப் பிராசஸருக்குச் சொல்லும் அடிப்படை அளவு 125 வாட், வேகத்தைக் கூட்டி ஓடும் டர்போ நிலையின் உச்சம் 190 வாட். அவர் 190இல் நிறுத்தினார். கோடையில் நானே 125க்கு இறக்கி ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் சற்றே தாமதமாகிறது, ஆனால் விசிறிகள் இருக்குமிடமே தெரியவில்லை. இரவு வேலைக்கு அதுவே போதும்.

இப்போது முழுச் சுமையில் வெப்பநிலை எண்பதை ஒட்டி நிலைகொள்கிறது. எந்த லிக்விட் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அறை ஐந்து டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் இருப்பதால், அதே விசிறி தள்ளும் காற்றின் எடை சென்னையைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். மேல்தட்டுக்கு மாற்றியதில் ஓர் இழப்பும் உண்டு. ரேடியேட்டருக்கு முன்பு வெளிக்காற்று நேராகக் கிடைத்தது. இப்போது கிராபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றும் அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. முன்பக்கம் காலியானதால் கிராபிக்ஸ் கார்டு முன்பைவிடக் குளிர்ந்திருக்கிறது என்பதால் இதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். மாடிப்படி ஒடுக்கமானது, கனமான கேபினெட்டுடன் தனியாக ஏறுவது கடினம். உட்கார ஒரு நாற்காலிதான் இருக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த வெப்பநிலை அளவுகளை எழுதித் தரும் வழக்கம் அவர்களிடம் இல்லை. கேட்டபோது திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இவ்வளவு நேர்த்தியாக ஆராய்பவர்கள் அதை ஒரு தாளில் குறித்துத் தந்தால், வாரண்டி கோரும்போது வாடிக்கையாளருக்குப் பெரிய ஆதாரமாக இருக்கும். விசிறிகளின் வேகத்தையும் தேவைக்கு மேல் கூட்டி வைத்திருந்தார்கள். ஒலியைப் பதிவுசெய்யும் அறையில் அது ஒத்துவராது என்பதால் வீட்டுக்கு வந்து நான் குறைத்துக்கொண்டேன். பில்லும் கேட்டால்தான் வரும்.

கட்டணம் ஆய்வுக்கு 500 ரூபாய், மாற்றிப் பொருத்தி, பேஸ்ட் இட்டு, தூசி நீக்கியதற்கு 1,200 ரூபாய். கூலரில் மீண்டும் களகள ஒலி கேட்டாலோ குழாய்களின் சூடு வேறுபட்டாலோ வாரண்டி முடிவதற்குள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கான தேதியைக் கேபினெட்டின் உட்புறத்தில் ஒட்டியும் கொடுத்தார்கள். போகிறவர்கள் கூலர் வாங்கிய பில்லையும், அதனுடன் வந்த உபரி திருகுகளையும் எடுத்துச் செல்லுங்கள். மேல்தட்டில் பொருத்த நீளத் திருகுகள் தேவைப்பட்டால் தேடி அலைய வேண்டியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சிக்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்துபோகலாம் என்றாலும், கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போவதானால் காலையில் கூட்டம் சேருவதற்கு முன்பே ஆட்டோவில் போவது நல்லது.